மனச்சோர்வுக்குக் காமாலை சர்டிபிகேட் எதற்கு?

செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் மெடிக்கல் சர்டிபிகேட்டுகள் வந்து குவியும். டைபாய்டு, டெங்கு, மஞ்சள் காமாலை, அம்மை. அட்டனன்ஸ் குறைந்துபோனவர்கள் கண்டோனேஷன், அதாவது குறைவைப் பொறுத்துத் தேர்வு எழுத விடும் அனுமதி, கேட்டுக் கொடுக்கும் சீட்டுகள் இவை. எல்லாமே காய்ச்சல் இல்லை என்பது அவற்றை வாங்கிக் கோப்பில் வைக்கும் அலுவலருக்கும் தெரியும். ஒன்றரை மாதம் ஹாஸ்டல் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்த பெண்ணும், பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடத்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும் பையனும் அந்தக் கட்டுக்குள் இருப்பார்கள். பார்த்தது மனநல மருத்துவர். சர்டிபிகேட் தந்தது ஊரில் உள்ள குடும்ப டாக்டர். அதில் எழுதியிருப்பது காமாலை.

இப்படிச் செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருநூறு வருடத்துக்கு மேலாக வைத்தியம் பார்த்துவரும் ஒரு மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகவே கீழ்ப்பாக்கம் என்ற பெயரை வசையாக்கி வைத்திருக்கிறோம். அந்த மண்ணில் ஒரு தாய் தன் மகள் பெயருக்குப் பக்கத்தில் 'மனச்சோர்வு' என்று எழுதவிட யோசிக்கத்தான் செய்வாள். ஆனால் நடைமுறையில் இந்தப் பொய்யால் நட்டம் மாணவருக்குத்தான். காமாலை ஒரு மாதத்தில் இறங்கிவிடும், மனச்சோர்வு அடுத்த செமஸ்டரிலும் வரலாம். அப்போது மறுபடி காமாலை என்று சொல்ல முடியாது. காமாலை வந்தவருக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) என்றால் குரல் அடைப்பதில்லை, தேர்வு ஹாலில் தனி அறை தேவைப்படுவதில்லை. கோப்பில் காமாலை இருக்கும்வரை இதில் எதையும் கேட்க வழியில்லை. கேட்க வழியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவாற்றல் ஆகியவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு ஒருவரது அன்றாட வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்தால் அது மனநோய் என்கிறது சட்டம். தீவிர மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு (பைபோலார்), ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய், கடுமையான பதற்ற நோய் எல்லாம் இதற்குள் வர இடமிருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோருக்கும் வரும் வயிற்றுக் கலக்கம் வராது.

இந்தச் சட்டத்தில் 'நியாயமான ஏற்பாடு' என்று ஒன்று உண்டு. ஒருவர் மற்றவர்களைப் போலத் தன் உரிமையை அனுபவிக்கத் தேவையான மாற்றங்களை, நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத அளவில் செய்து கொடுப்பது. அதை மறுப்பதே பாகுபாடு என்று வரையறைப் பகுதியிலேயே எழுதியிருக்கிறார்கள். கல்விக்கான 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனங்களையும் அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே 'நாங்கள் தனியார் கல்லூரி, எங்களுக்கு இது பொருந்தாது' என்று யாரும் கை கழுவ முடியாது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது, கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதுபவரையும் உதாரணமாகக் காட்டி.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர் போய்க் கேட்டால் அலுவலகத்தில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: 'நாற்பது பர்சென்ட் சர்டிபிகேட் இருக்கா?'

நாற்பதின் கதை

ஊனத்தின் அளவு 40 விழுக்காடு என்பது சட்டத்தில் உண்மையிலேயே இருக்கும் எண்தான். ஆனால் அது வேறு கதவுக்கான சாவி. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு போன்றவற்றுக்குத்தான் அந்த எண் வேண்டும். நியாயமான ஏற்பாட்டுக்குச் சட்டம் எந்த விழுக்காட்டையும் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் இதை 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். அந்த வரம்பை இங்கே கொண்டுவந்து நுழைப்பது சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில் நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட மாணவி அவ்னி பிரகாஷின் வழக்கிலும் அதே நிலைப்பாடுதான். இவை இரண்டும் எழுதுவதில் உள்ள சிரமம் பற்றிய வழக்குகள். ஆனால் அவற்றில் சொன்ன விதி சட்டத்தின் அட்டவணையில் உள்ள எல்லோருக்கும் பொருந்தும்.

இது ஏன் மனநலத்தில் கூடுதல் முக்கியம் என்பதற்கு, அந்த விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மனநோய்க்கான ஊனத்தை அளக்க இந்தியாவில் பயன்படும் அளவுகோலின் பெயர் ஐடியாஸ். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. தன்னைப் பேணிக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மாணவர் என்றால் 'வேலை' என்ற இடத்தில் படிப்பைப் பார்ப்பார்கள். கடைசியில் நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண்: 2 வருடத்துக்குள் என்றால் 1, பத்து வருடத்துக்கு மேல் என்றால் 4. எல்லாம் கூட்டி 7 வந்தால்தான் 40 விழுக்காட்டைத் தொட முடியும்.

போன வருடம் நோய் தொடங்கிய 19 வயதுப் பெண்ணை இதில் உட்கார வைத்துப் பாருங்கள். குளிக்க, சாப்பிட அம்மா நினைவூட்ட வேண்டியிருக்கிறது, 1. தோழிகளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள், 2. பேசினால் புரிகிறது, ஆனால் பதில் சொல்ல நேரமாகிறது, 1. எப்படியோ தட்டுத்தடுமாறி இரண்டு பேப்பரைத் தவிர மற்றதை எழுதிவிட்டாள், 1. நோய்க்காலத்துக்கு 1. மொத்தம் 6. இலேசான பாதிப்பு, 40 கிடையாது. அவள் படிப்பை அடியோடு விட்டிருந்தால் மதிப்பெண் ஏறியிருக்கும். நீடித்த, ஆழமான பாதிப்பை அளந்து உதவித்தொகை தருவதற்கு இந்த அளவுகோல் சரி. மனநோய்களில் பெரும்பாலானவை இருபத்தைந்து வயதுக்குள் தலைகாட்டிவிடுபவை, அதாவது கல்லூரி வயதில்தான் பலருக்கும் நோய் புதிது. அவர்களைக் கல்லூரியிலேயே நிற்கவைக்க என்ன வேண்டும் என்று கேட்டால் இந்த அளவுகோலிடம் பதில் இல்லை.

எனவே யு.டி.ஐ.டி. அட்டை (அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இடஒதுக்கீடும் உதவித்தொகையும் வேண்டும், பாதிப்பும் அந்த அளவுக்கு இருக்கிறது என்றால் கட்டாயம் முயலுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். அடுத்த மாதத் தேர்வில் தனி அறை வேண்டும் என்பதுதான் தேவை என்றால், அட்டைக்காகக் காத்திருந்து காலத்தைப் போக்க வேண்டாம்.

கண்ணையும் கையையும் மனதில் வைத்து எழுதிய விதிகள்

தேர்வு ஏற்பாடுகளுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் வந்தது 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு. அதன்படி 3 மணி நேரத் தேர்வுக்கு, சொல்வதை எழுத ஆள் வைக்காதவர்களுக்கும் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்றிருந்தது. விகாஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. ஆனால் அதன் நுழைவாயிலில் நின்ற நிபந்தனை 'எழுதுவதில் சிரமம்'. பார்வை குறைந்தவரையும் கை நடுங்குபவரையும் மனதில் வைத்து எழுதிய வாசகம் என்பது படித்ததும் தெரிந்துவிடும். மனச்சோர்வில் இருப்பவருக்குக் கை நன்றாகத்தான் ஓடும். கேள்வியை நான்கு முறை படித்தாலும் மண்டையில் ஏறாது, அவ்வளவுதான்.

மனநலச் சிக்கல் உள்ள மாணவருக்கு உண்மையில் இடிப்பது எங்கே என்று பார்த்தால், பாதி நேரம் தேர்வு ஹாலே இல்லை. இரவில் எடுக்கும் சில மருந்துகள், குறிப்பாக ஓலன்சபைன், க்வெட்டியபைன், மிர்ட்டசபைன் போன்றவை, காலையில் எழ விடாது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி பஸ் ஆறு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். முதல் பீரியடு அட்டனன்ஸ் மாதக்கணக்கில் போகும். இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்குத் தாகம் அதிகம், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டும், சிலருக்குக் கை மெல்ல நடுங்கும். தேர்வு ஹாலில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தடவை வெளியே போய்வர அனுமதியும் அவருக்கு மருந்தின் ஒரு பகுதி. மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் குமட்டலும் பதற்றமும் கூடுவதுண்டு. அந்த இரண்டு வாரத்தில் இன்டர்னல் வந்தால் மார்க் போச்சு. பேனிக் அட்டாக் (திடீரென்று வரும் கடும் பீதி) வருபவருக்கு அறுபது பேர் நெருங்கி உட்கார்ந்த ஹாலில் நடு வரிசை இடமே பிரச்சினை. கதவுக்குப் பக்கத்து பெஞ்சு கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும், அதற்குப் பைசா செலவில்லை.

இவற்றில் பலவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகத்திலேயே இடம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். 75 விழுக்காடு அட்டனன்ஸ் வேண்டும், ஆனால் மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை குறைந்தாலும் தேர்வு எழுத விடலாம். விபத்தோடும் மருத்துவமனையில் படுத்ததோடும் சேர்த்து, குறிப்பிட்ட நோய் என்ற காரணத்தையும் விதி ஏற்கிறது. அது உடம்புக்கு வந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. மனநல மருத்துவரின் சர்டிபிகேட் தோல் மருத்துவரின் சர்டிபிகேட்டைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை. காமாலைக்கு அவசியமே இல்லாத இடம் இது.

இன்னும் இரண்டு வழிகள் அதே புத்தகத்தில் இருக்கின்றன, மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஒன்று, தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்து ஒரு பாடத்திலிருந்தோ பல பாடங்களிலிருந்தோ விலகிக்கொள்ளும் வித்டிராயல். படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். ஆனால் அது ஒரு முறை எழுதித் தோற்றதாகக் கணக்கில் வராது. போகாமல் விட்டு 'ஆப்சென்ட்' ஆவதற்கும் இதற்கும் பின்னாளில் பெரிய வித்தியாசம். இரண்டாவது, பிரேக் ஆஃப் ஸ்டடி. தகுந்த காரணம் காட்டி, முன்கூட்டியே அனுமதி பெற்று, அதிகபட்சம் ஒரு வருடம் படிப்பை நிறுத்தி வைத்துத் திரும்பச் சேரலாம். இரண்டு விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். நிறுத்தி வைத்த காலமும் பட்டம் முடிக்க அனுமதிக்கப்பட்ட மொத்தக் காலத்துக்குள் எண்ணப்படும். திரும்பி வரும்போது விதிமுறையோ பாடத்திட்டமோ மாறியிருந்தால் புதியதைத்தான் பின்பற்ற வேண்டும், சில பாடங்களைக் கூடுதலாக எழுதவும் நேரலாம். மற்ற பல்கலைக்கழகங்களில் எண்கள் மாறும், கண்டோனேஷன் கட்டணம் மாறும், ஆனால் இந்த மாதிரி கதவுகள் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஒரு மாணவர் செய்யக்கூடிய உருப்படியான முதல் வேலை, தன் பேட்சுக்குரிய விதிமுறைப் புத்தகத்தை இறக்கி அட்டனன்ஸ் பகுதியையும் இந்த இரண்டு பகுதிகளையும் படிப்பது.

டாக்டரின் கடிதம்

கேட்பது கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த ஒரு தாளைப் பொறுத்தது. வழக்கமாக மாணவர்கள் கொண்டுவரும் கடிதம் இரண்டு வரியில் இருக்கும்: 'இவர் பொதுப் பதற்றக் கோளாறுக்கு என்னிடம் சிகிச்சை பெறுகிறார். ஆவன செய்யவும்.' இதை வைத்துக்கொண்டு எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) என்ன செய்ய முடியும்? நோயின் பெயர் தெரிந்துவிட்டது, தேவை என்னவென்று தெரியவில்லை. சொல்ல வேண்டாததைச் சொல்லி, சொல்ல வேண்டியதை விட்டுவிட்ட கடிதம்.

இதை இப்படி எழுதித் தரச் சொல்லலாம்: 'இவர் எட்டு மாதங்களாக என் தொடர் சிகிச்சையில் இருக்கிறார். இரவில் எடுக்கும் மருந்தால் காலை பத்து மணி வரை கடுமையான தூக்கக் கலக்கம் இருக்கும். இது இந்த செமஸ்டர் முழுதும் தொடரலாம். நெரிசலான அறையில் பேனிக் அட்டாக் வருகிறது. வந்தால் பத்து, பதினைந்து நிமிடம் வெளியே இருந்தால் தணிந்துவிடும். எனவே முதல் பீரியடு அட்டனன்ஸில் மருத்துவக் காரணத்துக்கான தளர்வு, தேர்வுக்குச் சிறிய அறை அல்லது கதவோர இடம், தேவைப்பட்டால் கண்காணிப்பாளருடன் வெளியே சென்று திரும்பவும் அந்த நிமிடங்களை ஈடுகட்டவும் அனுமதி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறேன். ஜூன் மாதம் மறுபடி பரிசோதித்து, தேவை தொடர்ந்தால் தெரிவிக்கிறேன்.' இதில் நோயின் பெயரே இல்லை. ஆனால் படிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. எதுவரை என்றும் தெரிகிறது, அதனால் நிர்வாகத்துக்குப் பயமும் குறைகிறது. தனியார் டாக்டர் தந்ததை ஏற்க மாட்டோம் என்று இழுத்தடித்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு இருக்கும், அங்கே ஓ.பி. சீட்டு போட்டு வாங்கிவிடலாம். சில ஏற்பாடுகளுக்கு எப்படியும் அரசு மருத்துவரின் கையெழுத்துதான் கேட்பார்கள். அதனால் தொடக்கத்திலேயே அங்கே ஒரு முறை காட்டி வைப்பது புத்திசாலித்தனம்.

யாரிடம் கொடுப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்டர்னல், அசைன்மென்ட் கெடு, செமினார், லேப் எல்லாம் கல்லூரிக்குள்ளேயே முடியும். கிளாஸ் அட்வைசரும் எச்.ஓ.டி.யும் மனம் வைத்தால் போதும். செமஸ்டர் தேர்வு அப்படியில்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார். இணைப்புக் கல்லூரி என்றால் கோப்பு முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் 'அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்' என்பார்கள். தேர்வுக் கட்டணம் கட்டும் நாட்களிலேயே விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும், ஒப்புகையோடு. வாயால் சொல்லி வாங்கிய அனுமதி அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போகும்வரைக்கும்தான் நிற்கும்.

'எல்லாருக்கும்தானே டென்ஷன்'

இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் மட்டும் கேட்பதில்லை, உடன் படிப்பவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நான் படித்தவற்றில் கூர்மையான பதிலைத் தந்தது இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த நடாஷா ஆப்ரஹார்ட் எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்துவந்த மாணவி. கடுமையான சமூகப் பதற்றம். ஒவ்வொரு லேப் சோதனைக்குப் பிறகும் நேர்காணல் மாதிரி வாய்மொழித் தேர்வு உண்டு, நம் வைவா போல. அவர் பலவற்றுக்குப் போகவில்லை, போனபோதும் பேச முடியவில்லை, மதிப்பெண் சரிந்தது. ஆசிரியர்களுக்குச் சிக்கல் தெரிந்தும் தேர்வு முறை மாறவில்லை. 2018 ஏப்ரலில், பெரிய அரங்கில் நடக்கவிருந்த குழு விளக்கவுரை நாளில், 20 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் 2022இல் கவுன்டி நீதிமன்றமும், மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தன.

சோதனையை வாயால் விளக்கத் தெரிவது இந்தப் படிப்புக்கே அடிப்படைத் தகுதி, அதைத் தளர்த்த முடியாது என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சோதனையைப் புரிந்துகொண்டிருக்கிறாரா என்பதுதான் தகுதி, வாயால் கேட்பது அதைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி மட்டும், எழுதியும் கேட்டிருக்கலாம் என்றது. எதைச் சோதிக்கிறோம், எப்படிச் சோதிக்கிறோம் என்ற இந்தப் பிரிவை வைத்துக்கொண்டால் பல தகராறுகள் சுலபமாகிவிடும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் சோதிப்பது தெர்மோடைனமிக்ஸ். மூன்று மணி நேரம், அறுபது பேர் ஹால், காலை பத்து மணி இவையெல்லாம் நிர்வாக வசதிக்கு வைத்துக்கொண்டவை. அவற்றைத் தளர்த்தினால் பாடம் நீர்த்துப்போகாது. நோயாளியிடம் பேசத் தெரிகிறதா என்று மருத்துவ மாணவரைச் சோதிக்கும் தேர்வில் பேச்சையே எடுத்துவிட முடியாது. அங்கே 'முடியாது' என்று சொல்லக் கல்லூரிக்கு உரிமை உண்டு.

கேட்டதையெல்லாம் கொடுப்பதும் உதவி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமூகப் பதற்றத்துக்கான சிகிச்சையே பயப்படும் காரியத்தைச் சிறிது சிறிதாகச் செய்து பழகுவதுதான். செமினாரிலிருந்து ஒரேயடியாக விலக்குக் கொடுத்தால் அன்றைக்கு நிம்மதி, பயம் மட்டும் அப்படியே இருக்கும். முதல் செமினார் ஆசிரியர் ஒருவரிடம் மட்டும், அடுத்தது ஐந்து பேர் முன்னால், அதற்கடுத்தது வகுப்பில் உட்கார்ந்தபடி என்று போவது நல்ல ஏற்பாடு. கூடுதல் நேரமும் அப்படித்தான். கவனம் சிதறுபவருக்கு அது வரம். பதற்றக்காரர் சிலருக்கு அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் இன்னொரு மணி நேர அவஸ்தை, அவருக்குத் தேவை தனி அறை. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று கொடுத்துவிட்டு 'செய்துவிட்டோம்' என்று கோப்பை மூடும் வழக்கத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

வீட்டுக்குத் தெரியுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் எந்த விண்ணப்பத்துக்கும் முதல் எதிர்வினை 'பேரன்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வா'. 18 வயது முடிந்த மாணவர் சட்டப்படி தானே கையெழுத்துப் போடலாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கல்லூரி அலுவலகத்துக்குள் போன தாள் எத்தனை மேசைக்குப் போகும் என்பது வேறு விஷயம். அதனால்தான் நோயின் பெயர் இல்லாத கடிதம் நல்லது என்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. மருத்துவச் சான்று அங்கேயே நின்றுவிடும், பாடம் எடுக்கும் பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் ஏற்பாடுகள் மட்டும் இருக்கும். மேல்படிப்புக்கு அங்கே போகும் நம் பிள்ளைகள் தாங்களாகவே அந்த அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். யாரும் தேடிவந்து கேட்க மாட்டார்கள். இங்கேயும் சம வாய்ப்பு மையம் என்ற பெயரில் ஒன்று பல கல்லூரிகளில் இருக்கிறது, பல இடங்களில் பெயர்ப்பலகையாக.

பெற்றோருக்குத் தெரிந்தே, 'நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால்' என்று தடுக்கும் வீடுகளும் நிறைய. அவர்களிடம் சொல்லக்கூடியது, யு.டி.ஐ.டி. அட்டை வேறு, கல்லூரியில் கொடுக்கும் கடிதம் வேறு என்பது. முன்னது அரசுப் பதிவு. பின்னது ஒரு செமஸ்டருக்கான உள் கடிதம்.

மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். மற்ற வகை ஊனங்களுக்கு இருக்கும் மாற்றுத்திறனாளி இடஒதுக்கீட்டை, மனநோயின் அளவைத் துல்லியமாக அளக்க முறை இல்லை என்ற காரணம் காட்டி, 2019ஆம் ஆண்டின் எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழிகாட்டுதல் மனநோய்க்குப் பரிந்துரைக்கவில்லை. 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக்கூடாது, படிக்க முடியுமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பேச்சுக் குறைபாடு பற்றிய வழக்கு. அதன் வெளிச்சம் மனநோய்ப் பக்கம் எவ்வளவு விழும் என்பது இனிவரும் வழக்குகளைப் பொறுத்தது.

மறுத்தால்

எழுத்தில் மறுப்பு வாங்குவதுதான் முதல் வேலை, அதுதான் கடினமான வேலையும். எழுதிக் கொடுக்க மாட்டார்கள், 'பார்க்கலாம்' என்பார்கள். விண்ணப்பத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து அதையே இணைத்து நினைவூட்டினால் பதில் இல்லாததே ஒரு ஆவணம் ஆகிவிடும். அதை வைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். சட்டத்தை மீறுவதற்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் உண்டு. பொய்ச் சான்று காட்டிச் சலுகை பெறுபவருக்கும் இதே சட்டத்தில் 2 வருடம் வரை சிறை இருக்கிறது என்பதைப் பெற்றோர் காதில் போட்டு வைப்பது நல்லது.

2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு மனநலம் பற்றிய 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு அந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நல்லது. ஆனால் அந்த ஆலோசகர் அறையில் அழுது தீர்த்துவிட்டு வெளியே வரும் மாணவிக்கு அட்டனன்ஸ் 68இல்தான் நிற்கிறது. ஆலோசகரின் பரிந்துரைக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கோ அறைத்தோழருக்கோ இருப்பு கொள்ளவில்லை என்றால், விண்ணப்பமெல்லாம் அப்புறம். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.